முப்பத்துமூன்று சென்டிமீட்டர்

தாடையை இதில் வையுங்கள், தோன் எவுலோகியோ.
நெற்றி பட்டையில் ஒட்டட்டும்.
உள்ளே சிவப்பாய் ஒரு புள்ளி.
தெரியாவிட்டாலும் அது இருக்கும் திசையைப் பாருங்கள்.

புவெர்த்தோ மோன்தில் பதினோராம் நாளாக மழை.
கூடத்தில் ஈரக் கம்பளிகளின் ஆட்டு வாடை.
இவர் சால்மன் ஆலையில் முப்பத்தொரு வருடம்
பெட்டிகளை எண்ணியவர்,
எண் சொன்னால் நம்புவார், ஆறுதல் சொன்னால் மாட்டார்.

சிமிட்டுங்கள். இனிச் சிமிட்டாதீர்கள்.
இருபத்து நான்கு புள்ளி எட்டு ஏழு.
மறுபடி.
எட்டு எட்டு.
மறுபடி.
பழுப்பேறிய புரைக்குள் நுழைந்து
விழித்திரையில் முட்டித்
திரும்பிய ஒளி
மூச்சு வாங்கச் சொல்லும் நீளம்.

அடுத்து நான் கேட்டாக வேண்டிய கேள்வி:
கண்ணாடி இல்லாமல் எது தெரிய வேண்டும்,
தூரமா, கிட்டமா?

"தூரம்தான்" என்றாள் மகள் யாரித்சா.
"அப்பா ஒரு தடவையாவது
வெறுங்கண்ணால் ஒசோர்னோ எரிமலையைப் பார்க்கட்டும்."
எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள்.
எரிமலையோ
மாதத்துக்கு நான்கு நாள் மேகத்தை விட்டு வந்தால் அதிகம்.

அவர் தாடையை எடுக்காமலே பேசினார்,
வார்த்தைகள் பாதி பிளாஸ்டிக்கில் இடறின.
"ராத்திரி கண்ணாடியைக் கழற்றிய பிறகு
எனக்குத் துல்லியமாய்த் தெரிந்தது
ஒன்றே ஒன்றுதான், சின்ன வயதிலிருந்து.
தூரத்து லென்ஸ் அதை என்ன செய்யும்?"

மங்கலாக்கும், என்றேன்.

மூலையில் தள்ளுபடி நோட்டீஸ் படித்துக்கொண்டிருந்த
ஓர்ஃபெலினா தலை நிமிரவில்லை.
"என் மூஞ்சியைச் சொல்கிறார்.
அறுபத்தொன்பது வயசு மூஞ்சி.
மங்கலாகவே இருக்கட்டும் பெண்ணே,
எனக்கும் நிம்மதி."

வியாழக்கிழமை திரும்பி வந்தார்கள்.
அவர் கையில் மின்கட்டண ரசீது,
அதன் முதுகில் பென்சிலால்:
33, 36, 33.
விளக்கைப் போட்டுத் தையல் நாடாவால்
தன் தலையணைக்கும் அவள் தலையணைக்கும் நடுவே
மூன்று தடவை அளந்திருக்கிறார்.
"நடுவிலே உள்ளதை அடித்துவிடு" என்றாள் ஓர்ஃபெலினா,
"அப்போது நான் சிரித்துவிட்டேன்."

படிவத்தில் 'இலக்கு' என்றொரு கட்டம்.
வழக்கமாய் அதில் சுழி போடுவேன்,
கை பழகிவிட்டது, பார்க்காமலே போடும்.
ஒரு மீட்டரை முப்பத்துமூன்றால் வகுத்தேன்.
மைனஸ் மூன்று.
அதற்கு லென்ஸ் இருபத்தொன்றரை.
டாக்டர் ஓயார்சோ என்னை ஒருமுறை பார்த்தார்,
ரசீதைத் திருப்பிப் பார்த்தார்,
கையெழுத்துப் போட்டார்.

மகளுக்கு இன்னும் கோபம்.
எரிமலைக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், என்று
நான் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை.

இந்த நீளத்தில்
மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு நான் பிசகினால்
மூன்று சென்டிமீட்டர் நகர்ந்துவிடும்
அந்தப் படுக்கையில் ஒரு முகம்.
யாரும் வந்து புகார் சொல்ல மாட்டார்கள்.
அவர் கொஞ்சம் பின்னால் சாய்வார்,
அல்லது அவள் கிட்டே வருவாள்,
அவ்வளவுதான்.

"ஆறாவது தடவையா?" என்கிறாள் யாரித்சா.

ஆமாம்.
சிமிட்டாதீர்கள்.