லாம்

டி.எச். ரோட்டில் மாவு மில்லுக்கு மேல்மாடி.
மில் ஓடினால் மேசையும் ஓடும்.
மொழிபெயர்ப்பு பக்கத்துக்கு நூற்றிருபது ரூபாய்.
அடிக்குறிப்புக்குத் தனியாகக் கேட்டதில்லை,
கேட்டிருக்க வேண்டும்.

காலையிலிருந்து ஒரே வாக்கியம்:
முந்தைய தீர்ப்புகளில் தான் விளக்கிய சட்டத்தை
நீதிமன்றம் பின்பற்ற
என்று எழுதி நின்றுவிட்டது கை.
வேண்டும் இல்லை.
கூடாது இல்லை.
லாம்.

கீழே தண்ணி லாரி.
"போன வாரம் எஸ்தரை முன்னால வுட்டியே,
அன்னைக்கு ஒரு சட்டம் இன்னைக்கு ஒண்ணா?"
"அது மாசமா கீது."
"என் மருமவ மட்டும் இன்னாவாம்?"
ஹோஸைப் பிடித்தவன் யோசிக்கிறான்,
குடத்தைத் தள்ளி வைக்கிறான்.
மூன்றாவதாக ஒருத்தி வந்தாலும் இனி
விட்டாக வேண்டும். அவனுக்கே தெரியும்.

கடல் தாண்டிய அந்த நீதிமன்றத்துக்கு
அந்தக் கட்டாயம் கிடையாது.
நேற்று மூவர் சொன்னதை
இன்று வேறு மூவர் ஒதுக்கி வைக்கலாம்,
காரணம் எழுதினால் போதும்.

புழல் முகாமிலிருந்து இரண்டு பஸ் மாறி
சிவமலர் வந்தாள்.
பிளாஸ்டிக் உறைக்குள் தம்பியின் அடையாள அட்டை,
நகலின் நகல்,
முகம் இருந்த இடத்தில் மை.

படித்துக் காட்டினேன்.
வேறு நாடு, வேறு ஆற்றங்கரை.
தளபதி சுடவில்லை, சுடச் சொல்லவுமில்லை.
ஆனால் தெரிந்திருக்க வேண்டியவன் என்றது தீர்ப்பு.
அந்த ஊர்ப் பெண்ணொருத்தி
மூன்று நாள் கூண்டில் நின்று சொன்னது
பத்து வருடம் கழித்து இன்னொரு வழக்கில்
அடிக்குறிப்பு எண் 412.

"அப்ப எங்கட வழக்கிலையும் அதைத்தானே சொல்லுவினம்?"
"சொல்லலாம்."
"லாம் எண்டா?"

கீழே மிளகாய் அரைக்கத் தொடங்கியிருந்தார்கள்.
இரண்டு பேரும் தும்மினோம்.
நான் கண்ணைத் துடைத்து முடித்த பிறகும்
அவள் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பூட்டாத கதவு என்று சொல்லியிருக்கலாம்.
திறக்க ஆளில்லாத கதவு என்றும்.
பின்பற்றலாம்
என்று எழுதிப் புள்ளி வைத்து நீட்டினேன்.

"அந்த நாநூத்திப் பன்ரண்டு...
அந்த மனுசிக்கு என்ன பேர்?"
பாதுகாப்புக்காகப் பெயரை எடுத்துவிட்டு
எழுத்து மட்டும் போட்டிருந்தார்கள்.
சாட்சி ட.
"ட," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.
தாளை நாலாய் மடித்துத் தம்பிக்குப் பின்னால் செருகினாள்.

காசு வாங்கவில்லை.
அவள் படியிறங்கிய பிறகுதான் உறைத்தது:
நாளைக்கே முகாமிலிருந்து இன்னொருத்தி
கத்தைத் தாளோடு இந்த நாற்காலியில் உட்கார்ந்து,
"அவவிட்டை நீங்கள் வாங்கேல்லையே" என்பாள்.