இல. 3, மேட்டு லயம்

சுற்றாடல் பாடத்தில் ஏழாவது அலகு: தபால்.
புத்தகத்துத் தபால்காரருக்குச் சைக்கிள் இருக்கிறது.
"நம்ம ரோட்டுல சைக்கிள் ஏறாது டீச்சர்"
என்றான் கெவின்ராஜ்.
"அத விடு. செயற்பாட்டைச் செய்வோம்" என்றார் ரெஜினா டீச்சர்.

செயற்பாடு இதுதான்:
உன் வீட்டுக்கு நீயே ஒரு கடிதம் எழுது.
முத்திரைக் காசு டீச்சருடையது.
இருபத்தியொரு உறை, இருபத்தியொரு நாக்கு.
பகல் சோறு வரைக்கும் வாயில் பசை இனித்தது.

முகவரியில்தான் எல்லாரும் நின்றோம்.
புத்தகத்து வீட்டுக்கு இலக்கம் உண்டு, வீதி உண்டு,
முன்னால் ஒரு சிவப்புப் பூச்செடி கூட உண்டு.
"கதவ எண்ணுங்க" என்றார் டீச்சர்.
கண்ணை மூடிக்கொண்டு எண்ணினோம்,
விரல்கள் காற்றில் கதவு கதவாகத் தட்டின.

மேட்டு லயத்தில் பன்னிரண்டு காம்பரா.
நான் பீலிக்கரையிலிருந்து வந்தேன்: மூன்று.
புவிராஜ் கொய்யா மரத்திலிருந்து வந்தான்:
அவனுக்கும் மூன்று.
எந்தத் தொங்கலிலிருந்து என்று புத்தகம் சொல்லவில்லை.
பெறுநர் என்ற இடத்தில்
நான் 'அம்மா' என்று எழுதினேன். வேறென்ன எழுத?
அவனும் அதைத்தான் எழுதியிருந்தான்.

கடிதங்கள் பொகவந்தலாவைக்குப் போய்
முதுகில் கறுப்பு வட்டம் வாங்கிக்கொண்டு
போன மலைக்கே திரும்பி வந்தன.
கந்தோரில், செக்ரோலுக்கு அடியில், நாலு நாள் படுத்திருந்தன.
ஐந்தாம் நாள் விடியற்காலை
பிரட்டுக்களத்தில் கங்காணி கூப்பிட்டார்:
"மேட்டு லயம், மூணு, அம்மா!"
களமே சிரித்தது.
என் அம்மா கை நீட்டினார்.
"இன்னொரு மூணு, இன்னொரு அம்மா!"
யாரும் வரவில்லை.
கொஞ்சம் பொறுத்து
கவ்வாத்துக் கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
புவிராஜின் அப்பா வந்தார்.

பின்னேரம் ஈரப் படங்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு
அம்மா எழுத்துக் கூட்டி வாசித்தார்.
அன்புள்ள அம்மா, நான் நலம்.
கூரை ஒழுகிற இடத்தில் இப்போது அப்பா படுக்கிறார்.
குவைத்தில் மழை பெய்யுமா?
அம்மா என்னைப் பார்த்தார்.
"நான் எப்ப குவைத்துக்குப் போனேன்?"

எனக்கு வயிறு கலங்கியது.
அப்படியென்றால் என் கடிதம் எங்கே?
குடை தொலைந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, பஸ்ஸில்,
ஜன்னலுக்கு வெளியே விரித்துப் பார்த்தபோது
என்று அதில்தான் எழுதியிருந்தேன்.

விளக்குப் போடும் நேரம் அவர் வந்தார்.
கடிதத்தை அம்மாவிடம் நீட்டவில்லை,
என் கையில் வைத்தார்.
உறை ஒட்டியபடியே இருந்தது.
ஓரத்தில் மட்டும்
நசுங்கிய ஒரு சோற்றுப் பருக்கை.
அம்மா புவிராஜின் கடிதத்தைக் கொடுத்தார்,
மேலே பழைய படங்கொன்றை மடித்து வைத்து.
எதற்கென்று அவர் கேட்கவில்லை.
"மழ விட்டாப்பல இருக்கு" என்றார்.
மழை விடவே இல்லை.

மறுநாள் வகுப்பில் வாக்கெடுப்பு.
பீலிக்கரைக்குப் பதினொன்று, கொய்யாவுக்கு ஒன்பது.
பணிய லயத்துக் கெவின்ராஜ்
நடுவிலிருந்து இரண்டு பக்கமும் எண்ணலாம் என்றான்,
அவனுக்கு அவன் ஒருவனே வாக்கு.
சோக்கட்டியோடு போய்க் கதவுகளில் இலக்கம் போட்டோம்.
புவிராஜ் வீட்டுக் கதவில் 10.
அவன் அந்தப் பூச்சியத்துக்குள்
கண், மூக்கு, வாய் வரைந்தான்.
சாரலில் இரண்டு நாள்கூட நிற்கவில்லை,
வாய் மட்டும் கொஞ்ச நாள் இருந்தது.

தவணைப் பரீட்சையில் கேள்வி நான்கு:
வீட்டுக்குக் கடிதம் கொண்டு வருபவர் யார்?
புவிராஜின் அப்பா என்று எழுதினேன்.
டீச்சரின் சிவப்புப் பேனா
அங்கே வந்து நின்றிருக்கிறது.
சரியும் இல்லை, பிழையும் இல்லை.
மை ஊறிய ஒரு புள்ளி.