மூன்று கடி உப்பு

சர்கீஸ் திருநாளுக்கு முந்தின இரவு
கியூம்ரியில் கல்யாணமாகாத பெண்கள்
உப்பு ரொட்டி தின்பார்கள்.
மாவுக்குச் சரிபாதி உப்பு. மூன்றே கடி.
அப்புறம் பேசக்கூடாது, தண்ணீரைத் தொடக்கூடாது.
கனவில் எவன் தண்ணீர் கொண்டுவருகிறானோ
அவன்தான் புருஷன்.
நெற்றியில் எழுதினதை நாக்கால் படிக்கிற வழி
என்பாள் என் அக்கா ஹெரிக்னாஸ்,
நான்கு வருடம் தின்றும் ஒருவனும் வராதவள்.

எனக்குப் பத்தொன்பதில், முதல் தடவையே வந்துவிட்டான்.
பழுப்புக் கோட்டு.
இடது காதுமடலில் ஒரு வெட்டு,
யாரோ கத்தரித்துப் பார்த்து வேண்டாமென்று விட்டதுபோல.
நசுங்கிய தகரக் குவளையை நீட்டினான்.
நான் வாங்குமுன் தெருவில் பால்வண்டி.
விழித்துக்கொண்டேன்.

அடுத்த பிப்ரவரியும் அவனே.
அதே காது, அதே குவளை.
அதற்கடுத்த வருடம்
ரொட்டி தின்னாமலேயே வரத் தொடங்கினான்.

கல்யாணம் கரேகினோடு நடந்தது.
ரயில் பணிமனையில் பிரேக் பார்ப்பவன்,
காது இரண்டும் முழுசு.
பேசி முடிக்க வந்த அன்று
கொன்யாக் பாட்டிலைத் திறக்கத் தெரியாமல்
தக்கையை உள்ளே தள்ளிவிட்டுச் சிரித்தான்.
அந்தச் சிரிப்புக்குத்தான் சம்மதித்தேன் என்றால்
பாதி நிஜம்.
மீதி, எனக்கு இருபத்தாறு.

முதல் வாரமே சொல்லிவிட்டேன்:
ஓர் ஆள் வருவான், தண்ணீர் நீட்டுவான்.
கரேகின் பூட்ஸைக் கழற்றியபடி கேட்டான்,
"குடிக்கவேயில்லையா?"
"இல்லை."
"சரி."
அன்றிலிருந்து தினமும் காலையில்,
ராத்திரி பனி பெய்ததா என்று கேட்கிற குரலில்,
"வந்தானா உன் தண்ணீர்க்காரன்?"
வந்தான் என்றால்
வாணலியில் முட்டையைக் கொஞ்சம் பலமாக உடைப்பான்.

பதினொரு வருடம்.
குழாயில் ஆறிலிருந்து எட்டுவரைதான் தண்ணீர்;
குளியல்தொட்டி, வாளி, வாதுமைப்பழம் ஊறவைத்த ஜாடிகள்,
வாயுள்ள எல்லாவற்றிலும் பிடித்து வைத்தோம்.
மகளுக்குப் பால்பல் விழுந்தது, முளைத்தது.

ஓர் ஆகஸ்ட் மதியம் மின்மீட்டர் பார்க்க வந்தான் அவன்.
கதவைத் திறந்ததும் நான் பார்த்தது காதை.
கோட்டு இல்லை, முதுகில் ஒட்டின சட்டை.
விரலில் மோதிரம்.
நான்கு மாடி ஏறிய மூச்சோடு
"குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா, சகோதரி?"

எத்தனை இரவு என் பக்கம் நீண்ட கை!
இப்போது காலியாக நீள்கிறது.
ஜாடியிலிருந்து ஊற்றிக் கொடுத்தேன்.
அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தான்.
எண்ணைக் குறித்துக்கொண்டான்: நாலாயிரத்துப் பன்னிரண்டு.
எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.
இறங்கிப் போனான்.
அந்தத் தம்ளரை அன்று நான் கழுவவில்லை.
அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

அப்புறம் கனவில் அவன் வரவேயில்லை.
யார் யாருக்குப் பட்ட கடனோ, தீர்ந்துபோனது.
"வந்தானா?"
"இல்லை."
"இல்லையா?"
முட்டை மெதுவாக உடைந்தது.

பிப்ரவரியில் கீழ்வீட்டுப் பெண்ணுக்காக
உப்பு ரொட்டி சுட்டேன். ஒரு துண்டு மிஞ்சியது.
முப்பத்தெட்டு வயதில், விளக்கணைத்துவிட்டு,
மூன்று கடி.

கனவில் ஒருவரும் இல்லை.
நீண்ட வெள்ளைத் தெரு, கதவெல்லாம் சாத்தியிருக்க
என் நாக்கு மட்டும் மரச்செருப்புபோல் கிடந்தது.
எழுந்து அவன் தோளை உலுக்கினேன்.
"என்ன?"
"தாகம்."
கரேகின் குளிரைத் திட்டினான், சர்கீஸைத் திட்டினான்,
இருட்டில் நாற்காலியில் கால்விரலை இடித்துக்கொண்டு
நாற்காலியின் தாயைத் திட்டினான்.
அகப்பைக் காம்பால் ஜாடியின் ஐஸை உடைக்கும் சத்தம்.
வந்தான்.

பல் கூசியது. வாதுமைப்பழ வாசனை.
ஒரு ஐஸ் சில்லு உதட்டில் ஒட்டி விலகியது.
கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
நான் விழுங்குவதையே கேட்டுக்கொண்டிருந்தவன்
வெகுநேரம் கழித்துக் கேட்டான்,
"வந்தானா?"

தம்ளரை நீட்டினேன்.
"இன்னும் கொஞ்சம்."

மறுபடியும் அந்த நாற்காலியில் இடித்துக்கொண்டான்.