அரை நாள்

பண்டில் கார்டின் பின்பக்கம்தான் எங்கள் கணக்கு நோட்டு.
முன்பக்கம்: நெக் ரிப், ஐம்பது உருப்படி.
பின்பக்கம்:
பள்ளிக்கூடம் முப்பத்திரண்டாயிரம், இரண்டு தவணை.
வேனுக்கு மாசம் ஆயிரத்து இருநூறு.
மஞ்சள் சட்டை, ஷூ, பொம்மை போட்ட பை
இன்னும் விசாரிக்கவில்லை.
ஒச்சம்மாவுக்கு ஐயாயிரம்.

சென்னியப்பன் பேனாவை வாங்கி
ஐயாயிரத்தின்மேல் கோடு போட்டான்.
"பள்ளிக்கூடத்துல சேத்துனா அப்பறம் அவ எதுக்குங்கறேன்?"
பன்னிரண்டரைக்கு விட்டுவிடுவார்களாம்.
எனக்கு ஒன்றரை ஷிப்ட், ராத்திரி எட்டரை.
அவனுக்குக் காம்பாக்டிங், வாரம் பகல், வாரம் இரவு.
பன்னிரண்டரைக்கும் எட்டரைக்கும் நடுவே
ஒரு குழந்தையை எங்கே வைப்பது?
கோட்டுக்குக் கீழேயே
ஐயாயிரத்தை மறுபடி எழுதினான்.

நான் தைப்பது குழந்தை உடுப்பு,
எந்த நாட்டுக்கோ கப்பல் ஏறுவது.
பதினெட்டிலிருந்து இருபத்துநான்கு மாதம், நெஞ்சு இருபத்தேழு செண்டி.
தை மாசம் வரை அதுதான் நிதிலாவின் அளவு.
இந்த ஆர்டருக்கு ஒரு சைஸ் மேலே போய்விட்டாள்.
அவள் வளர்வதை
ஞாயிற்றுக்கிழமையிலும் அளவுச் சீட்டிலும் பார்க்கிறேன்.
மற்றதெல்லாம் ஒச்சம்மா சொல்லித்தான்.
அனுப்பர்பாளையத்து லைன் வீட்டில்
என் மகள் வாயில் உசிலம்பட்டி குடியேறிவிட்டது.
"இங்கிட்டு வாம்மா" என்கிறாள்.
"அக்கட்டால போ கண்ணு" என்று அப்பன் சொன்னால்
முழிக்கிறாள்.
சிரித்தோம்.
சிரித்து முடித்தபின் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு கேட்டேன்,
இரண்டு நாளாக மென்று வைத்திருந்ததை.
"ஜூன்ல இருந்து அரை நாள்தானே பாத்துக்குவ,
பாதியாத் தரட்டுமா?"

ஒச்சம்மா நிதிலாவின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.
பஞ்சுத் தூசு நெஞ்சில் இறங்கிக்
கம்பெனியை விட்டவள். பேசும்முன் இருமுவாள்.
"அரை நாளுக்கு வீட்டு வாடகையும் பாதியாயிருமாக்கா?"
கோபமில்லை. தெரியாமல் கேட்பது போலக் கேட்டாள்.

ஆர்டர் இல்லாத ஒரு வாரம்
மதியத்தோடு மிஷினை நிறுத்தச் சொல்லி
அரை ஷிப்டை எண்ணிக் கொடுத்தார் சூப்பர்வைசர்.
"வேலைக்குத்தானுங்களே காசு" என்றார், மரியாதையாகத்தான்.
அன்றைக்குப் பஸ் ஏறாமல் நடந்தே வந்தேன்.
இப்போது நான் கேட்டதும்
மரியாதையாகத்தான் இருந்தது.

"வேன எதுக்கு வச்சுக்கிட்டு,"
அவளே சொன்னாள்,
"நாலு தெரு. நானே விட்டுட்டுக் கூட்டியாரேன்.
அந்தக் காசு ஒங்களுக்கு மிச்சம். என்னையக் கொறைக்காதீங்க."

வேனை அடித்தேன்.
முதல் தவணைக்குச் சீட்டைத் தள்ளி எடுக்க வேண்டும்,
எவ்வளவு தள்ளுவது என்று
சென்னியப்பனுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.
நிதிலா மடியில் ஏறி
கார்டில் விரல் வைத்து எண்ணினாள்:
ஒன்னு, ரெண்டு, அஞ்சு.
"மூணும் நாலும் எங்கடி?"
"தூங்குது."

இரண்டாம் தவணையும் அப்படியே இருக்கட்டும் என்று
சத்தம் வராமல் கார்டை மடித்தேன்.