நிகர எடை

பகாவ் செம்பனை ஆலையில்
எடைமேடைக் கிராணி நான்.
லாரி ஏறும், எண் நிற்கும், எழுதிக்கொள்வேன்.
குலையை இறக்கிவிட்டு
வெறும் லாரி மறுபடி ஏறும்.
முன்னதில் பின்னதைக் கழித்தால் நிகர எடை.
பதினோரு வருஷமாய் இதே கழித்தல்.

என் கணக்கு மட்டும்
ஏழு வாரமாய்
எண்பத்து நான்கு புள்ளி ஆறு.

தொண்ணூற்று மூன்றிலிருந்து இறங்கியவள்.
முதல் நாலு மாதம்
படிக்கட்டில் உருளும் பந்துபோல் இறங்கினேன்.
பஞ்சாபி சூட் இரண்டை
புஷ்பலீலா பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.
பிறகு பந்து
ஒரு படியில் உட்கார்ந்துகொண்டது.

இரவுச் சோற்றை விட்டேன்.
மதியச் சோற்றைப் பாதியாக்கினேன்.
தராசைக் குளியலறையிலிருந்து
அடுப்படிக்கு நகர்த்தினேன்.
தோட்டைக் கழற்றி, மூச்சை வெளியே விட்டு
ஏறிப் பார்த்தேன்.
பாட்டரி மாற்றினேன்.
புது பாட்டரியும் அதையே சொன்னது.

கோபத்தில் ஒரு ராத்திரி ஷிப்டில்
லாரி மேடையில் நானே போய் நின்றேன்.
பத்துப் பத்தாய் மட்டும் பேசுகிற மேடை.
வெளியே தொங்கும் சிவப்பு எண்ணில்
எண்பது என்றது.
பெரியதுகளுக்குத்தான் எவ்வளவு பெருந்தன்மை!

மறுநாள் மழை.
தார்ப்பாய் போடாமல் வந்தது கருணாகரன் லாரி.
குலை இடுக்கெல்லாம் தண்ணீர்.
"மழைக்கும் சேர்த்துக் காசா?" என்று
வழக்கம்போல் கழித்து எழுதினேன்.
எழுதிய கை அப்படியே நின்றது.

மேசையில் அன்றைய நாலாவது தே தாரிக்.

என் நோட்டில் சோறு உண்டு, மீன் உண்டு,
கல்யாண வீட்டில் தின்ற
ஒற்றை லட்டுகூட உண்டு.
தே எங்கேயும் இல்லை.
தாகம்தானே, அதையா எழுதுவார்கள்?
கிளாசுக்கு மூன்று கரண்டி டின் பால்;
நாளுக்கு நாலு கிளாஸ்.
மேடை ஏறாமலே
உள்ளே போய்க்கொண்டிருந்த லாரிகள்.

நடையும் அப்படித்தான்.
கோயில், பள்ளி, பாசார், திரும்ப வீடு,
நாற்பது நிமிஷம்.
கால்கள் அதைத் தூங்கிக்கொண்டே நடக்கப்
பழகிவிட்டிருந்தன.
வண்டி சிறுத்தால் எண்ணெய்ச் செலவும் குறையும்,
இது எனக்கா தெரியாது?

தே ஓ கொசோங்.
முதல் வாரம் மருந்துபோல் இறங்கியது.
காலையில் இரண்டு முட்டை, கொஞ்சம் தெம்பே.
மதியத்துக்குப் பறித்த சோற்றில்
ஒரு கரண்டி திருப்பிக் கொடுத்தேன்:
பட்டினி வயிறு நாலு மணிக்கு
பிஸ்கட் டின்னைத் தானே திறக்கிறது.
நடையைப் பன்னிரண்டாம் நம்பர் காட்டு மேட்டுக்கு
மாற்றினேன்.
சலவைத்தூள் போத்தல் இரண்டில் தண்ணீர் நிரப்பி
தூக்கிக்கொண்டே ஏறினேன்.
"தண்ணீர் எங்கே போகுது, காக்?" என்றார்
காவலர் ஹாருன்.
"எங்கேயும் இல்லை" என்றேன்.
உண்மைதான்.

பத்து நாள். எண் அசையவில்லை.
பதினான்காம் நாள் ஏறியது, எண்பத்து ஐந்து.
போத்தலை உதைத்தேன், கால் வலித்தது.
மறுநாளும் தூக்கினேன்,
ஏனென்று கேட்காதீர்கள்.

இன்று ஞாயிறு, விடியாத நேரம்.
எண்பத்து நான்கு புள்ளி ஒன்று.

அரைக் கிலோ.
உதிரிப் பழம் நாலு கைப்பிடி;
வழியில் கொட்டினால்
எந்த டிரைவரும் வண்டியை நிறுத்தமாட்டார்.
ஷிப்டுக்கு வந்ததும்
எனக்கே ஒரு சீட்டுக் கிழித்தேன்.
மொத்தம், காலி, நிகரம்,
மூன்று கட்டம்.
இரண்டாவதில் பேனா நின்றது.
காலியாய் நான் எப்போது இருந்தேன்?

வாசலில் ஹாரன்.
கருணாகரன்.
இன்று தார்ப்பாய் போட்டிருந்தார்.