ஒரு புதுச்சேரி தூரம்

இரண்டு வண்டிக்கும் நடுவே
ஒன்பதாயிரம் ரூபாய்.
அதையும் கால்மிதி விரிப்பில் கழித்துத் தருவதாக
முருங்கப்பாக்கம் ஷோரூம் பையன் ரூபன்
சத்தியம் செய்யாத குறை.
ஆக, விலை எங்களுக்கு உதவப் போவதில்லை.

சாம்பல் வண்டி ஒரு சார்ஜில்
இருபத்துமூன்று கிலோமீட்டர் கூடப் போகும்.
கடலூரிலிருந்து ஏறக்குறைய ஒரு புதுச்சேரி.
"எப்பவும் கையில ஒரு புதுச்சேரி இருக்கும்"
என்கிறார் தணிகாசலம்,
ஏதோ வங்கியில் போட்டு வைத்ததுபோல.

நீல வண்டி
தரையிலிருந்து இருபது மில்லிமீட்டர் கூடுதல் உயரம்.
என் கட்டைவிரல் அகலம்.
கெடிலம் எங்கள் தெருவுக்குள் வந்த வருஷம்
தண்ணீர் இடுப்பளவு நின்றது.
கட்டைவிரல் அகலத்தில் எது தப்பிக்கும்?
இருந்தாலும் எனக்கு நீலம்தான்.
ஏன் என்றால் சொல்லத் தெரியவில்லை.
கேட்கிறவர்களிடம் உயரம் என்று சொல்லிவைத்தேன்.

அரியாங்குப்பம் பாலம் வரை இரண்டையும் ஓட்டினோம்.
இரண்டிலும் சத்தமில்லை.
முதன்முதலாகக் கேட்டது
தணிகாசலம் மூச்சு விடும்போது
மூக்கில் வரும் சின்ன விசில்.
பதினேழு வருஷம் ஸ்கூட்டரில்
அதற்கு ஒரு முழம் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

நான் மின்வாரியத்தில் ரீடிங் எடுப்பவள்.
"புகையே வராது மேடம்" என்று ரூபன் சொன்னபோது
நெய்வேலி இருக்கும் திசையைப் பார்த்துச்
சிரிக்கத் தோன்றியது.
புகைக்கு வேறு ஊரில் வேலை, அவ்வளவுதான்.

அன்று இரவு
மீட்டர் பெட்டிக்கு அடியில் டேப் வைத்து அளந்தோம்.
புதுப்பாளையத்தில் எங்கள் சந்துக்குள்
மூக்கை நீட்டி நுழையலாம், திரும்ப முடியாது.
சாம்பலுக்குச் சார்ஜ் வாய் முன்னால்.
அப்படியே நுழைந்தால் ஒயர் எட்டும்.
நீலத்துக்குப் பின்னால், இடது பக்கம்.
ரிவர்ஸில் வர வேண்டும்.
ரிவர்ஸில் வர
எதிர்வீட்டு இஞ்ஞாசியின் சிமெண்ட் சரிவில்
ஒரு சக்கரமாவது ஏற வேண்டும்.

இஞ்ஞாசியோடு பேச்சு நின்று மூன்று வருஷம்.
சாக்கடைத் தண்ணீர் யார் பக்கம் ஓடுவது என்பதில் ஆரம்பித்தது.
இப்போது அது எந்தப் பக்கமும் ஓடவில்லை.

"முடிஞ்சுது, சாம்பல்" என்று
டேப்பைச் சுருட்டினார் தணிகாசலம்.

இஞ்ஞாசியின் மீட்டர் எனக்குத் தெரியும்.
ரெஜினா இருந்தவரை
இரண்டு மாதத்துக்கு நானூறு, நானூற்றுப் பத்து.
கிரைண்டர், ஃப்ரிட்ஜ், இஸ்திரிப்பெட்டி,
டிசம்பர் முழுக்க வாசலில் எரியும் நட்சத்திரம்.
போன முறை முப்பத்தெட்டு.
ஒரு மின்விசிறி, ஒரு பல்பு,
அதையும் சீக்கிரம் அணைத்துவிடுகிற ஆள்.
நூறு யூனிட் வரை இலவசம்.
கட்ட வேண்டிய தொகை பூஜ்யம் என்று எழுதி
அட்டையைக் கம்பிக்கதவில் செருகிவிட்டு வந்தேன்.
காலிங்பெல் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம்
துறைமுகத்துக்கு மீன் வாங்கப் போனார்.
நான் மறுபடி டேப்பை எடுத்தேன்.
சரிவின் அகலம் தெரிய வேண்டும், சும்மா.
நுனியில் செங்கல் வைத்தேன், நழுவியது.
மறுபடி வைத்தேன்.
செருப்பில்லாத ஒரு கால் வந்து
நுனியை மிதித்துக்கொண்டது.
"இழுத்துப் புடிம்மா, தொய்யுது."
இழுத்துப் பிடித்தேன்.
"எட்டடி நாலு அங்குலம்" என்றார்
என்னிடம் இல்லை, சுவரிடம்.
பிறகு,
"வண்டி எந்தப் பக்கமா வரும்?"
"இன்னும் முடிவு பண்ணலைங்க."
"பின்னால வர்றதுன்னா சொல்லு.
பைக்கை உள்ள தள்ளிக்கிறேன்."

ரூபன் நாலு முறை போன் பண்ணிவிட்டான்,
ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

மீன் பையோடு வந்த தணிகாசலத்திடம்
மழைக்காலம் வருது, உயரம்தான் முக்கியம் என்றேன்.
ஒரு மாதிரி பார்த்தார்.
மூக்கில் அந்த விசில்.
பையில் சங்கரா,
இரண்டு பேருக்குக் கொஞ்சம் அதிகம்.