ஒரு வரி

ஐம்பத்திரண்டு வரிகள்.
நகத்தால் தடவித் தடவி எண்ணினாள்,
வரிக்கு ஒரு குளிர்காலம்.
உள்ளங்கையில் அடங்கிய அந்தக் கறுத்த சிப்பி
அவளைவிட ஆறு வயது மூத்தது.

அலபாமாவில், பருத்திக்காட்டுக்கும் ரயில்பாலத்துக்கும் நடுவே
முழங்கால் ஆழத்தில் ஓடுகிற ஆறு.
பதினேழு வருடமாக வெர்னெல் ஹோல்காம்புக்கு
அதில் குப்புறக் கிடந்து, மூச்சுக்குழாயைக் கவ்வி,
சரளையோடு சரளையாய் இருப்பவற்றை
விரலால் தேடி எண்ணும் உத்தியோகம்.
முத்து இருக்குமா என்பார்கள்.
இருக்காது.
தின்னலாமா?
செருப்பைத் தின்னலாமென்றால் தின்னலாம்.
பின்னே எதற்கு என்ற கேள்வி வருமுன்
நனைந்த கையுறையைப் பிழியத் தொடங்கிவிடுவாள்.

மே மாதம் பெண்சிப்பி
தன் சதையின் ஓரத்தை மீன்குஞ்சாக்கும்.
பக்கத்தில் ஒரு கோடு, வாலில் ஒரு துடிப்பு,
இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கண்.
தனக்குக் கண்ணில்லாத பிராணி
எங்கே பார்த்து வரைந்தது அந்தக் கண்ணை?
இரையென்று பாய்ந்த பெரிய மீன்
வாய் நிறையப் பிள்ளைகளை வாங்கிக்கொண்டு
செவுளில் சுமந்தபடி
ஒன்றும் தெரியாமல் மேலாற்றுக்குப் போகும்.

சட்டத்தில் தீங்கு என்றொரு சொல் உண்டு.
அதன் கீழே ஒரு விளக்கம் இருந்தது:
அடிப்பது, கொல்வது மட்டுமல்ல,
வாழுமிடத்தைக் குலைத்துச் சாகவிடுவதும் தீங்கு.
அந்த ஒரு வரியை எடுத்துவிட்டார்கள்.
சொல் அப்படியே இருக்கிறது.
பட்டியலில் சிப்பியின் பெயரும் இருக்கிறது,
லத்தீனில், சாய்ந்த எழுத்தில், அழகாக.

ஞாயிறு இரவு கேடிஸ் ப்ரூயிட் கூப்பிட்டான்.
சரளை அள்ளும் இயந்திரம் ஓட்டுகிறவன்,
வண்டிக்கு மூன்று தவணை பாக்கி.
"செவ்வாய்க்கிழமை வளைவில் இறங்குகிறோம்.
உன்னுடையதை எடுப்பதானால் நாளைக்குள் எடு."

என்னுடையது,
போனை வைத்தபின் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

வளைவு அரை மைல் மேலே.
அங்கே அள்ளினால் இங்கே சேறு இறங்கும்,
ஒரு வாரம், பத்து நாள்,
மூடிய ஓடுகள் மூடியபடியே புதையும்.
யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள்.
தொட்டால்தான் குற்றம்.
தொட அனுமதிச்சீட்டு வேண்டும்,
அவளுடையது பிப்ரவரியில் தீர்ந்தது, வேலையோடு சேர்த்து.
சீட்டில்லாதவர் ஒன்றைத் தூக்கினாலும்
அபராதம், சிறை.
அந்த வரிகளில் யாரும் கைவைக்கவில்லை.

ஆகவே திங்கள் இரவு,
பெயிண்ட் வாளி நான்கு,
நெற்றியில் விளக்கு.
கேடிஸ் தன் வண்டியைக் கரையோரம் நிறுத்தி
முகப்பு விளக்கை ஆற்றின்மேல் எரியவிட்டு
முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டான்.
"நான் பேஸ்பால் கேட்க வந்தேன்" என்றான்
யாரும் கேட்காதபோது.

ஐம்பத்திரண்டு வரிக்காரியை
அவள் வாளிக்குள் வைத்தது பத்தரை மணிக்கு.
அதற்குப்பின் வரி எண்ணவில்லை, நேரமில்லை.
விரல் மரத்தது. கல்லையும் சிப்பியையும்
பிரித்துச் சொல்ல முடியாமல் போனது.
சில கற்களையும் காப்பாற்றியிருப்பாள்.
எடுக்காமல் விட்டவை எத்தனையோ.

ஒரு மணிக்கு வானொலியை அணைத்தான்.
"எத்தனை?"
பதினேழு வருடம் எண்ணிச் சம்பளம் வாங்கியவள்
"எண்ணவில்லை" என்றாள்.
அவன் தலையாட்டினான்.
காலை ஆறுக்கு அவனுக்கு ஷிப்ட்.

மேலாற்றுக்குப் போகும் மண்பாதையில்
வாளிகள் தளும்பின.
பின்னிருக்கையில் ஒன்று பயம் தெளிந்து
மெல்லத் திறந்தது.
பிளாஸ்டிக் சுவருக்கு முன்னால்,
மீனே இல்லாத தண்ணீரில்,
தன் பொய்மீனை
ஆட்டத் தொடங்கியது.